ஊசி போட்ட நாய்

எங்கட ஊரில நாய்க்கெண்டு தனிச் சமையல் கிடையாது. வீட்டில மிஞ்சினதுதான் அதுக்கும்: மீன் குழம்பு விட்டுப் பிசைந்த சோறு, பாண் கரை, கோழி எலும்பு. நாய்க்கு வயிற்றாலை போனாலும் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. “புல்லைத் திண்டிட்டுத் தன்ரபாட்டில மாறிடும்” என்பார்கள். பல நேரம் மாறியும் விடுகிறது. அதனாலேயே மாறாத வருத்தத்தை அடையாளம் காண நாங்கள் பழகவில்லை.

போன விடுமுறைக்கு வீட்டை போனபோது எங்கட பிறவுணிக்கு வயிறு குழம்பியிருந்தது. வயது நாலு. முதல்நாள் அயலில பிறந்தநாள். எண்ணெயும் எலும்பும் அங்கயிருந்துதான் வந்திருக்க வேணும். மூன்று தரம் தண்ணியாகப் போனாலும் வாலை ஆட்டிக்கொண்டு படலை வரை வந்தது. தண்ணி குடித்தது. சத்தி இல்லை, ரத்தம் இல்லை. முரசைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அது காய்ந்து பிசுபிசுத்தால் உடம்பில் நீர் குறைகிறது என்று அர்த்தம்.

அப்பா பனடோலில பாதி குடுப்பம் எண்டார். மறித்துவிட்டேன். வைத்தியரைக் கேட்காமல் எங்கட குளிசை எதையும் நாய்க்குக் கொடுக்கக்கூடாது. தோல் நீக்கின கோழியை உப்பு, தூள், வெங்காயம் இல்லாமல் அவித்து, குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக நாலு நேரம் வைப்பதுதான் என்ர திட்டம். அம்மாவுக்குக் கோபம். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா இவருக்குக் கோழியோ?” குசினிக்குள்ள விடவில்லை. பின்வளவில மூன்று கல் வைத்து அவித்தேன். மூன்றாம் நாள் பிறவுணி சரி.

அதே கிழமை பக்கத்து ஒழுங்கையில மூன்று மாசக் குட்டியொன்றுக்கு ஓயாத சத்தி. பிறகு ரத்தமாகப் போகத் தொடங்கியது. அந்த வீட்டுத் தம்பி அதை ஓட்டோவில ஏத்த, நானும் கூடப் போனேன். “பார்வோ ஊசி போட்டதோ?” என்று மிருக வைத்தியர் கேட்டார். தம்பி அட்டையை நீட்டினான். அதில் இருந்தது விசர்நோய்த் தடுப்பூசி மட்டும். சேலைன் ஏற்றியும் இரண்டாம் நாள் இரவு குட்டி செத்துப்போனது. “ஊசி போட்டதுதானே அக்கா?” என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

எங்கட ஊரில ‘ஊசி போட்ட நாய்’ எண்டால் விசருக்குப் போட்டது என்றுதான் அர்த்தம். அரசாங்கம் இலவசமாகப் போடுவது அதைத்தான். அது கட்டாயம் தேவை. ஆனால் பார்வோவைத் தடுக்காது. பார்வோ ஊசி வேறு. குட்டிக்கு ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, சில கிழமை இடைவெளியில் நாலு மாசம் வரை திரும்பத் திரும்பப் போட வேணும். பெரும்பாலும் காசு குடுத்துத்தான். அந்த வைரஸ் வளவு மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும். அடுத்த குட்டியும் அதே மண்ணில்தான் விளையாடும்.

ஆகவே வயிற்றாலை போவது குட்டிக்கோ, இந்த ஊசி போடாத நாய்க்கோ என்றால் காத்திருக்க வேண்டாம். ரத்தம், விடாத சத்தி, தண்ணி குடியாமை, எழும்பாமல் சுருண்டு கிடப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் அண்டைக்கே வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ.

தம்பி இன்னொரு குட்டி கேட்கிறான். எல்லா ஊசியும் முடிந்த குட்டியாகத்தான் எடுக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு வருசா வருசம் போடுற ஊசிக்குப் பாதிக் காசு என்ர மஹாபொலவில இருந்து வரும்.