கூரையில்லா வண்டி

மழைக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. அந்நாட்டிலே கூரையில்லாத மோட்டார் வண்டி ஒன்றை ஒருவன் விரும்பி வாங்கி, ஆண்டுதோறும் அதற்குப் பொருள் செலவிட்டுப் போற்றி வருகின்றான் என்றால், கேட்போர் நகைத்தல் இயல்பே. நார்விச் நகரில் வாழும் என்னை நண்பர் பலர் அங்ஙனமே நகைத்திருக்கின்றனர். இருவர் மட்டும் அமரத்தக்க வண்டி, மூன்றாமவர்க்கு இடமில்லை. பெரிய பெட்டி ஒன்றை வைக்கவும் இடம் போதாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடவேண்டும். மூடினாலோ, விரைந்து செல்லுங்கால் அருகிலிருப்பவர் பேசுவது செவ்வனே கேளாது. இத்தனை குறைகளையும் உடையதொன்றை 2014-ஆம் ஆண்டு முதல் நான் வைத்திருப்பதன் காரணத்தை நேயர்க்குச் சிறிது விரித்துரைக்க விழைகின்றேன்.

இவ்வகை வண்டிகளின் வரலாறு சுவையுடையது. ஒரு காலத்தில் இவற்றைச் செய்வதில் ஆங்கிலேயரே தலைசிறந்து விளங்கினர். எம்.ஜி., டிரையம்ப், லோட்டஸ் முதலிய கம்பெனிகளின் திறந்த வண்டிகள் கடல் கடந்து அமெரிக்காவிலும் பெருவாரியாக விற்பனையாயின. அவற்றுள் 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் எழுநூறு கிலோவிற்கும் குறைந்த நிறையுடையது; வளைந்த சாலையில் அதற்கு நிகரானவை அந்நாளில் மிகச் சிலவே. பின்னர்க் காலம் மாறியது. ஆபிங்டன் நகரில் எம்.ஜி. வண்டிகளைச் செய்துவந்த தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. திறந்த வண்டியின் நாள் முடிந்ததென்றே பலரும் எண்ணினர்.

அதனை மீண்டும் உயிர்ப்பித்தவர் ஜப்பானியர். பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979-இல் மாஸ்டா கம்பெனியின் கெனிச்சி யாமமோட்டோவைக் கண்டபோது, பழைய ஆங்கில வண்டிகளைப் போன்ற எளிய திறந்த வண்டியொன்றை நீங்கள் செய்யலாகாதா என்று கேட்டார். அக்கேள்வி பத்தாண்டுகள் கழித்துக் கனிந்தது. ஓடத்தக்க முதல் மாதிரி வண்டியை 1985-இல் செய்து கொடுத்தது, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வொர்திங் என்னும் ஊரிலிருந்த ஒரு நிறுவனமே என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். ஆங்கிலேயர் கைவிட்ட கலை ஆங்கில மண்ணை ஒருமுறை தொட்டே மீண்டது! 1989 பிப்ரவரியில் சிகாகோ நகரக் கண்காட்சியில் வண்டி வெளிப்பட்டது. அமெரிக்கர் அதனை மியாட்டா என்றனர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், இங்கிலாந்தில் எம்.எக்ஸ்-5. 2016-ஆம் ஆண்டிற்குள் அவ்வினத்தில் பத்து லட்சம் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன.

அதனைச் சமைத்த தலைமைப் பொறியாளர் டோஷிஹிகோ ஹிராய் என்பவர், குதிரையும் அதனைச் செலுத்துவோனும் ஓருடலாய் இயங்குதல் என்னும் பொருளுடைய பழைய ஜப்பானியத் தொடரொன்றைத் தம் பணிக்குக் குறியாகக் கொண்டார். இது வெறும் சொல்லலங்காரமன்று. எஞ்சின் முன்னச்சிற்குப் பின்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றது. பாட்டரியைப் பின்புறப் பெட்டியறையில் வைத்துள்ளனர். இவ்வாறு பாரம் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுள்ளது. கியர்பெட்டியையும் பின்னச்சின் டிபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைத்து நிற்பதால், காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடனே தயக்கமின்றி வண்டி விடை கூறும். முதன்முதல் வெளிவந்த வண்டியின் எஞ்சின் 1,600 சி.சி. அளவினது, அதன் ஆற்றல் 115 குதிரைத்திறனே. இக்காலத்துக் குடும்ப வண்டிகள் பல இதனினும் ஆற்றல் மிக்கவை. ஆனால் எனது வண்டி ஆயிரம் கிலோவும் நிறையில்லாதது. நாற்பது மைல் வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கும்போது, சாலையிலுள்ள சிறு கல்லும் கைப்பிடி வழியே தன் இருப்பைத் தெரிவிக்கும்.

நிற்க. என் வண்டி 1991-இல் விற்கப்பட்டது. அது என் கைக்கு வந்தபோது, முன்னிருந்த உரிமையாளர் அதற்கு அணிகலன் பல பூட்டியிருந்தார். தொழிற்சாலையில் அமைத்த 14 அங்குலச் சக்கரங்களை நீக்கி 16 அங்குலச் சக்கரங்களை மாட்டியிருந்தார், ஸ்பிரிங்குகளையும் குட்டையாக்கியிருந்தார். நின்ற நிலையில் வண்டி பாயும் புலிபோல் தோன்றும். ஓடத் தொடங்கினாலோ, நார்ஃபோக் கிராமச் சாலைகளின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பைத் தொட்டு விசாரிக்கும். பழைய அலுமினியச் சக்கரம் ஒன்று ஆறு கிலோவிற்கும் குறைந்த நிறையுடையது. ஸ்பிரிங்கிற்குக் கீழேயுள்ள பாரம் குறையக் குறையச் சக்கரம் மேடுபள்ளத்தை விரைந்து பின்பற்றும். டயர் தரையை விட்டு விலகாது. ஆதலின் நான் செய்த முதல் மாற்றம், பிறர் செய்த மாற்றத்தை மாற்றியதே. பழைய சக்கரங்கள் நான்கினைத் தேடி வாங்கி மாட்டினேன்.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தோன்றாதது. நான்கு சக்கரங்களின் சாய்வையும் திசையையும் திருத்துதற்குரிய போல்ட்டுகள் கீழ்க்கைகளில் உள்ளன. துருவினால் அவை தத்தம் உறைகளோடு ஒன்றாகிவிடுவது வழக்கம். எண்ணெய் ஊற்றியும், சூடாக்கியும், ஈற்றில் சிலவற்றை அறுத்தெடுத்தும், புதியவற்றைக் கிரீஸ் பூசி மாட்டுவதற்கு நான்கு சனிக்கிழமைகள் சென்றன. பின்னர்ச் சக்கரங்களை அளந்து நிறுத்தியபோது வண்டி வேறொரு பிறவியெடுத்ததுபோல் ஓடியது. பளபளக்கும் பொருளை வாங்கிப் பூட்டுவோர் பலர். அளந்து திருத்துவோர் சிலரே என்பது நான் கண்டது.

மூன்றாவது மாற்றத்தைக் கேட்டு நேயர் நகைக்கலாம். என் தலை கூரைத் துணியை உரசிற்று. இருக்கையின் உறையைக் கழற்றி, உள்ளிருந்த நுரைப்பஞ்சில் ஒரு பகுதியை ரொட்டி அறுக்கும் கத்தியால் அறுத்தெடுத்தேன். உயரமானவர் பலரும் இவ்வண்டியில் செய்துகொள்ளும் சிகிச்சை இது. காசு செலவின்றி வண்டியின் பாரத்தையும் குறைத்த மாற்றம் இஃதொன்றே. இம்மாற்றங்களையெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்தபோது, நுரைப்பஞ்சைப்பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

இவற்றின்மேல் எனக்கு ஒரு பேராசையும் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பூட்டினால் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் என்று விற்போர் கூறுவர். அதற்கென்று மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தேன்.

2017-ஆம் ஆண்டு இளவேனிலில் வண்டியை ஆண்டுச் சோதனைக்குக் கொண்டு சென்றேன். சோதனையாளர் வண்டியை உயர்த்தி, பின்சக்கரத்திற்கு முன்னேயுள்ள இடத்தைச் சிறு கருவியால் தட்டிப் பார்த்தார். முன்பகுதியில் கணீரென்று கேட்ட ஒலி அவ்விடத்தில் மங்கிப் போயிற்று. மறுமுறை அழுத்தியபோது கருவி உள்ளே சென்றுவிட்டது.

அவ்விடத்தின் சிறப்பை இங்கே விளக்கவேண்டும். மூடியுள்ள அட்டைப் பெட்டியொன்றை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள். பின்னர் மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். கூரையில்லாத வண்டியின் நிலை இரண்டாவது பெட்டியின் நிலையே. கூரை தாங்கவேண்டிய விசையிற் பெரும்பகுதியைக் கதவுகளின் கீழே இருபுறமும் ஓடும் இரும்புக் கூடுகள் தாங்குகின்றன. அவற்றைச் சில் என்பர். துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னே இருமூலைகளிலுமுள்ள சிறு குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி, அந்தச் சில்லின் பின்கோடியருகே வெளியேறும். குழாயில் இலையும் மண்ணும் அடைத்தால் நீர் வெளியேறாது. எந்த உறுப்பை நம்பி வண்டி நிற்கின்றதோ அவ்வுறுப்பிற்குள்ளேயே புகுந்து தேங்கும். முன்னைய உரிமையாளர் பல்லாண்டுகள் வண்டியை மரத்தடியில் நிறுத்தியவர். நான் வாங்கிய நாள்தொட்டுத் திரைச்சீலைக் கம்பியொன்றை விட்டுக் குழாய்களைத் துப்புரவு செய்தே வந்தேன். ஆயினும் உள்ளே தொடங்கிய நோய் வெளியே தெரியாமல் வளர்ந்திருந்தது.

இருபுறமும் அறுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கப் பட்டறைக்காரர் கேட்ட தொகை, வண்டியின் விலைக்கு ஏறக்குறைய ஒப்பாயிருந்தது. என் கையிலிருந்ததோ சூப்பர்சார்ஜருக்கென்று வைத்த பணம் மட்டுமே. வண்டியைப் பிரித்து உறுப்புறுப்பாக விற்றால் நல்ல பணம் கிடைக்கும் என்று நண்பரொருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கணக்கில் பிழையில்லை. அன்றிரவு அக்காகிதத்தைப் பார்த்த என் மகள், “அப்பா, அடுத்த வருஷம் எனக்குப் பதினேழு ஆகிறது. இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுத் தருவதாகச் சொன்னீர்களே!” என்றாள். நான் விடை கூறவில்லை. அவளும் மீண்டும் கேட்கவில்லை.

மூன்று நாட்கள் சிந்தித்தேன். சூப்பர்சார்ஜர் தனியே வருவதன்று. அது வந்தால் குளிர்விப்பான் பெரிதாக வேண்டும். கிளச்சு வலிதாக வேண்டும். தொடக்ககால 1,600 சி.சி. வண்டிகளின் டிபரன்ஷியல் சிறியதாதலின், அதையும் மாற்ற நேரும். ஒவ்வொன்றும் சிறிது பாரத்தைச் சேர்க்கும். அத்துணை விசையையும் ஈற்றில் தாங்கவேண்டியது துருப்பிடித்த அந்தச் சில்லே! நான்காம் நாட் காலை பட்டறைக்காரருக்குத் தொலைபேசியில் இசைவு தெரிவித்தேன்.

அவர் வேலை செய்த முறையை அருகிருந்து கண்டேன். திறந்த வண்டியின் சில்லை அப்படியே அறுத்தால், வண்டி நடுவில் தொய்ந்து, பின்னர்க் கதவு மூடாது. ஆதலால் அவர் முதலில் கதவைக் கழற்றி, வாயிலின் குறுக்கே தற்காலிகமாக ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தார். அதன்பின்னரே அறுத்தார். உள்ளிருந்து ஈரமண்ணும், மக்கிய இலைகளும், செதில் செதிலாய்த் துருவும் கொட்டின. ஒரு பக்கத்தை முற்றும் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட்டார். புதுத் தகட்டின் உட்புறமெங்கும் மெழுகுநெய் தெளித்தார். வேலை முடிந்து கதவை மாட்டியபோது, அது எதிலும் உரசாமல் ஒரே ஒலியோடு மூடிக்கொண்டது. “எட்டாம் ஹென்றி காலத்துக் கோயிற்கதவு போல் இருக்கிறது” என்று அவர் மகிழ்ந்தார். சூப்பர்சார்ஜர்ப் பணம் முழுவதும் அன்றே கரைந்தது.

என் மகள் மறு ஆண்டு அவ்வண்டியிலேயே ஓட்டப் பழகினாள். குரோமரிலிருந்து மேற்கே கடலோரமாய்ச் செல்லும் சாலையில், ஒருபுறம் உப்பங்கழியும் மறுபுறம் வயலுமாக, கூரையைத் திறந்துவிட்டு முதன்முறை இருபது மைல் ஓட்டினாள். கியர் மாற்றுங்கால் எஞ்சின் முனகினால், கேளாமலே தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டாள். இப்போது அவள் வேற்றூரில் வேலையாயிருக்கிறாள். இலையுதிர்காலம் வந்தால் அவளிடமிருந்து வரும் தொலைபேசியில், என் உடல்நலத்தைக் கேட்குமுன் குழாய்களைத் துப்புரவு செய்தாயிற்றா என்றே கேட்பாள்.

இவ்வாண்டு வேறொரு வேலை காத்திருக்கின்றது. கூரையின் பின்புறத்திலுள்ள பிளாஸ்டிக் சாளரம் மஞ்சள் நிறமாய் மங்கிவிட்டது. கூரையை மடிக்குமுன் அதன் ஜிப்பைத் திறந்து சாளரத்தைத் தட்டையாகப் படுக்க வைக்கவேண்டும். குளிர்நாளில் அவசரப்பட்டால் அது வெடிக்கும். கண்ணாடிச் சாளரம் வைத்த புதுக்கூரைகளும் விற்கின்றனர். கண்ணாடி தெளிவானது, ஆனால் பிளாஸ்டிக்கைவிடப் பாரமானது. எதை வாங்குவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.