அப்பா விட்டுவிட்ட மீன்

2024 ஏப்ரலில் அப்பா முதன்முறையாக அமெரிக்கா வந்திருந்தார். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் நாற்பது வருடம் நாட்டுப்படகில் போய் வலை போட்டவர். மேரிலாந்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஃப்ரீசரைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார். ''ஐஸ்ல கெடந்த மீன்ல என்ன ருசி இருக்கும் பாப்பா?''

அந்தச் சனிக்கிழமை, அவருக்கு மீன்பிடி உரிமம் வாங்கிக்கொண்டு ஹாவர் டி கிரேஸ் என்ற ஊருக்குக் கூட்டிப்போனேன். சஸ்குவஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடம். பெயர்தான் விரிகுடா, உண்மையில் அது 300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பிரமாண்டமான முகத்துவாரம்.

அப்பா முதல் வேலையாகத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். ''முகத்துவாரம்னு சொன்னே... உப்பே இல்லையே?''

கடல் வெகுதூரம் தெற்கே இருக்கிறது, விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் பாதியை இந்த ஒரு ஆறே கொண்டு வருகிறது, வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும் என்று விளக்கினேன். அவர் கரைக்கல்லில் தெரிந்த ஈரக்கோட்டைக் காட்டினார். ''ஆனா வத்துது பாரு. இப்பதான் மீன் எரை தேடும்.'' உப்பு எட்டாத இடத்திலும் கடலின் ஏற்ற இறக்கம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

மீன் துண்டைக் கோத்துத் தூண்டிலை அடியில் கிடக்கும்படி போட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கெளுத்தி. நீலக் கெளுத்தி என்று இங்கே பெயர். 1970-களில் விர்ஜீனியா ஆறுகளில் கொண்டுவந்து விட்டது. இப்போது எங்கும் பரவி நண்டையும் மற்ற மீன்களையும் தின்று தீர்க்கிறது. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றதும் அப்பாவுக்கு ஏக உற்சாகம்.

அடுத்து மாட்டியதுதான் வேறு. கம்பு வில்லாக வளைந்தது. கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கரையோரம் வந்தது, உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட பெரிய மீன். ராக்ஃபிஷ், மேரிலாந்தின் மாநில மீன். அதை விட்டுவிட வேண்டும் என்று எப்படிச் சொல்வது எனத் தவித்தேன். முட்டையிட வரும் காலம் என்பதால் அதைப் பிடிக்கத் தடை. மீன் அருகிப்போனதால் 1985-லிருந்து ஐந்து வருடம் இந்த மாநிலமே அதைத் தொடாமல் இருந்தது. மீண்டு பெருகிய மீனுக்கு மறுபடி கஷ்டகாலம். 2019-லிருந்து குஞ்சுகள் சரியாகத் தேறவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்து, ''சினை'' என்றார். தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றினார். மீனை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, அது வாலை உதறியதும் கையை எடுத்தார்.

திரும்பும் வழியில் காரில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தானாகச் சொன்னார்:

''உன் காலேஜ் பீஸெல்லாம் சினை மடவை வித்த காசு பாப்பா. நல்ல வெலை போவும். முட்டை போடக் கடலுக்குப் போற மீனை முகத்துவாரத்துலயே மடக்கிடுவோம். நாட்டுப்படகுக்குத் தடையும் கெடையாது. இன்னிக்கு உன் தம்பி ராத்திரி பூரா கெடந்தாலும் டீசல் காசு தேறலைங்கிறான். அதுல என் கணக்கும் இருக்குல்ல?''

அந்தப் படிப்பில்தான் நான் இங்கே கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன பதில் சொல்ல?

இரவு, புளி கரைத்துவிட்டுக் கெளுத்திக் குழம்பு வைத்தேன். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். ''அந்தப் பெரிய மீன் எத்தனை முட்டை போடும்டா?'' என்று பேரனைக் கேட்டார்.

அவன் போனில் தேடிப் பார்த்து, ''லட்சக்கணக்குல தாத்தா!'' என்றான்.

அப்பா விரலை நக்கிக்கொண்டே சொன்னார். ''அப்பக் கணக்குல கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்.''