அப்பப்பாவின் டைனமோ

மகன் பாடனில் மின்துறைத் தொழிற்பயிற்சி தொடங்கியிருக்கிறான். 1891இல் பிரவுணும் போவரியும் கம்பனி தொடங்கிய ஊர் இது. அவன் பாதி டொச்சில் பேச, நான் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது வழக்கம்.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டான்: "அப்பப்பா, ஜெனரேட்டருக்குள்ளயே சோட் ஆனா என்ன செய்வீங்கள்?"

"சுவிச்சை நிப்பாட்டுவன்."

"காணாது. சுருளுக்குள்ள போற கரண்டும் வெளியில வாற கரண்டும் ஒண்டா இருக்கவேணும். வித்தியாசம் வந்தா உள்ளுக்குப் பழுது. ரிலே உடனே பிரேக்கரைத் திறக்கும். ஆனா மெசின் சுத்திக்கொண்டுதான் இருக்கும். தன்ர கரண்டாலயே தன்னை எரிக்கும். அதால காந்தச் சுருளுக்குப் போற கரண்டையும் வெட்டவேணும், டர்பைனையும் மறிக்கவேணும்."

நான் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. 1990க்குப் பிறகு, கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவால் றேடியோச் செய்தி கேட்டவர். எனக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கு. மிதித்தது அவர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"என்ர டைனமோவில காந்தத்தை எப்பிடி வெட்டுறது?"

மகன் யோசித்தான். "அது நிரந்தரக் காந்தம், வெட்ட ஏலாது. நீங்கள் மிதிக்கிறதைத்தான் நிப்பாட்டவேணும்."

"செய்தி முடியட்டும்," என்றார் அப்பா.