அருவியூர் ஆலயம்

சென்ற மாதம் ஊரிலிருந்து நமக்கொரு திருமண அழைப்பிதழ் வந்தது. வெளிமாநிலத்திலேயே பிறந்து வளரும் நம் ஒன்பது வயது மகளிடம் அதனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். மணமக்களின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள், ஊர்ப்பெயரில் நின்றுவிட்டாள். "நீங்களே படியுங்கள், அப்பா" என்று தாளைத் திருப்பித் தந்தாள். அவள் தடுமாறிய பெயர் நாம் பிறந்த ஊரின் பெயர். வீட்டில் தமிழ் பேசுவதில் அவளுக்குக் குறையில்லை. படிக்கும் பழக்கந்தான் இல்லை.

நாள் முழுதும் ஊர்ப்பெயர்களோடு பழகும் இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போது நினைவிற்கு வந்தது, மற்றொரு நீண்ட பெயருடைய சிற்றூர். நாம் நேரில் கண்ட ஊரன்று; நூல்களின் வழியே பன்முறை சென்று வந்த ஊர். சங்க அன்பர்களையும் அங்கே அழைத்துச் செல்ல விழைகிறோம்.

பிரிட்டன் தீவின் மேற்கே உள்ளது வேல்ஸ் நாடு. அதன் வடகிழக்கு மலைச்சரிவில் உள்ள அச்சிற்றூரின் பெயர் லான்ரையாடர் அம் மொக்னன்ட். 'லான்' என்பது முதலில் வேலியிட்ட நிலத்தையும், பின்னர் அதனுள் எழுந்த கோயிலையும் குறித்த சொல். 'ரையாடர்' என்றால் அருவி. மொக்னன்ட் என்பது அவ்வட்டாரத்தின் பழம்பெயர். நாம் 'லா' என்று எழுதினாலும் அவ்வொலி அதுவன்று. நாவை லகரத்திற்கு வைத்துக்கொண்டு மூச்சைப் பக்கவாட்டில் ஊதுதல் வேண்டும். நமது ழகரத்தைப் போன்று, அயலார் நாவைச் சோதிக்கும் ஒலி அது.

டானட் பள்ளத்தாக்கின் வழியே 1904-இல் ஒரு சிறு இரயில் பாதை திறக்கப்பட்டது. அதில் இவ்வூரின் பெயர் தாங்கிய நிலையமும் ஒன்றிருந்தது. 1951-இல் பயணிகள் வண்டி நின்றுபோயிற்று. இன்று சாலை வழியேதான் செல்லுதல் வேண்டும். ஊருக்கு மேற்கே ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில், 240 அடி உயரத்திலிருந்து விழுகின்றது பிஸ்டில் ரையாடர் என்னும் அருவி. வேல்ஸ் நாட்டின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக மக்கள் அதனைப் போற்றுவர்.

ஊரின் நடுவே உள்ளது டொக்வன் என்னும் புனிதரின் பெயரால் அமைந்த தேவாலயம். சிலுவை செதுக்கிய பழங்கல் ஒன்று அதனுள் காக்கப்பட்டு வருகின்றது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. எனினும் இவ்வாலயத்தின் பெருமை கல்லில் இல்லை, நூலில் உள்ளது.

1578-இல் வில்லியம் மார்கன் என்பவர் இங்கே குருவானவராகப் பொறுப்பேற்றார். நமது மொழியில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியதும் அதே ஆண்டில்தான். அவர் குடியானவர் வீட்டிற் பிறந்து, கேம்பிரிட்ஜில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். அந்நாளில் வேல்ஸ் மொழியின் நிலை இரங்கத்தக்கது. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்று விதித்திருந்தது. கோயில் வழிபாடும் மக்களுக்கு விளங்காத மொழியில் நடந்தது. பைபிளை வேல்ஸ் மொழியில் பெயர்க்குமாறு 1563-இல் மற்றொரு சட்டம் பணித்தது. நான்காண்டில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஆயின் அதன் விசித்திர எழுத்துக்கூட்டல் வாய்விட்டுப் படிப்போரைத் திணற வைத்தது.

எஞ்சிய பெரும்பணியை மார்கன் மேற்கொண்டார். அமைதியான வாழ்வன்று அவருடையது. ஊராருள் சிலரோடு பகையும் வழக்கும் மூண்டன. அவர் அங்கிக்குள் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்றும் எதிரிகள் குற்றம் சாட்டினர். இத்தனைக்கும் இடையே பழைய ஏற்பாட்டை முழுவதும் பெயர்த்தார்; புதிய ஏற்பாட்டையும் திருத்தினார். அச்சுப்பணியைக் கவனிக்க ஏறத்தாழ ஓராண்டு இலண்டனில் தங்கினார். 1588-இல் முழுப் பைபிளும் வேல்ஸ் மொழியில் வெளிவந்தது. பின்னர் அவர் பேராயராகி 1604-இல் மறைந்தார்.

அந்நூல் ஞாயிறுதோறும் கோயில்களில் உரக்கப் படிக்கப்பட்டது. நீதிமன்றம் புறக்கணித்த மொழி, கோயிலில் அரியணை ஏறிற்று. வட்டாரந்தோறும் வேறுபட்ட பேச்சுக்கு நடுவே ஒரு பொது எழுத்துநடை உருவாயிற்று. முழுப் பைபிள் அச்சேறாத அண்டை மொழியாகிய கார்னிஷ், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டு வழக்கிலிருந்தே மறைந்தது. அதற்குக் காரணங்கள் பல. நூலின்மையும் அவற்றுள் ஒன்று என்பர் அறிஞர்.

ஆயினும் நூல் ஒன்றே போதுமா? போதாது. படிக்கத் தெரிந்தவர் வேண்டுமன்றோ? 1730-களில் கிரிபித் ஜோன்ஸ் என்னும் குருவானவர் சுற்றுப் பள்ளிகளைத் தொடங்கினார். உழவு வேலை குறைந்த குளிர்காலத்தில், ஓர் ஊரில் ஏறத்தாழ மூன்று மாதம் பள்ளி நடக்கும். பின்னர் ஆசிரியர் அடுத்த ஊருக்குச் செல்வார். குழந்தைகளும் முதியோரும் அங்கே படித்தனர்; பகலில் உழைத்தவர்க்கு இரவு வகுப்பு. பாடநூல் மார்கன் வழிவந்த அதே பைபிள்.

2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வேல்ஸில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனோருள் ஏறத்தாழ 5,38,000 பேர் அம்மொழி பேசுவோர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெருந்தொகையன்று. எனினும் ஆங்கிலக் கடலின் கரையிலேயே இருந்துகொண்டு இத்தனை பேர் பேசுவது எளிய செயலா? 2011-இல் அதற்கு வேல்ஸில் ஆட்சிமொழித் தகுதியும் சட்டத்தால் உறுதியாயிற்று.

அன்பர்களே, நம் மொழிக்கு நூல்களில் பஞ்சமில்லை. அவற்றைப் பிரித்து உரக்கப் படிக்கும் குழந்தைகள்தாம் நம் இல்லங்களில் குறைவு. மூன்று மாதக் குளிர்காலம் அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. நமக்கோ ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளன.

இப்பொழுது இரவு உணவிற்குப் பின் நம் மகள் நாளொன்றுக்கு ஒரு பக்கம் படிக்கிறாள். தடுமாறுமிடத்தில் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறோம். அழைப்பிதழில் இருந்த ஊர்ப்பெயரை நேற்று அவளே படித்து முடித்தாள்.