உதிரும் கொம்பு

மட்டக்களப்பிலிருந்து கடற்கரை வீதியால் திருகோணமலைக்குப் போனால் வழியில் மாங்கேணி வரும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பற்றைக்காடு. சென்ற பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு போன நாங்கள் அங்கே ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம்.

கடைச் சுவரில் ஒற்றை மான்கொம்பு தொங்கியது. "எந்தப் பாவி கொன்றானோ!" என்றார் என் மனைவி. கடைக்காரப் பெரியவரின் காதில் அது விழுந்துவிட்டது. "இல்ல தங்கச்சி, எங்கட அப்பா காட்டில பொறுக்கினது. அது தானா விழும்" என்றார். நாங்கள் நம்பவில்லை. குர்பானி ஆட்டின் கொம்பு தானாக விழுமா என்ன?

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் மேய்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று உற்றுப் பார்த்தேன். ஒரு கலைமானுக்கு மூன்று கிளைவிட்ட கூரிய கொம்பு. இன்னொன்றுக்கு வெல்வெட்டுத் துணி சுற்றியதுபோல் தடித்த கொம்பு. மூன்றாவதற்குக் கொம்பே இல்லை. நெற்றியில் இரண்டு குமிழ்கள் மட்டும்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொம்பு ஆயுளுக்கும் நிற்கும். மான்கொம்போ முழுவதும் எலும்பு. ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். வளரும்போது இரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய தோல் அதைப் போர்த்தி ஊட்டுகிறது. வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்துவிட, மான் மரத்தில் உரசி அதை உரித்துவிடும். இணைசேரும் காலம் கழிந்தபின் அடிப்பகுதி தளர்ந்து கொம்பு விழும். ஐரோப்பாவின் செம்மான்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஏறக்குறைய ஒன்றாக உதிர்க்கின்றன. நம் நாட்டுப் புள்ளிமான்களுக்கு அப்படி ஒரே பருவம் இல்லை; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. அதனால்தான் ஒரே மந்தையில் மூன்று நிலைகளையும் கண்டோம்.

திரும்பும் வழியில் அதே கடையில் இறங்கிக் கொம்பின் அடியைப் பார்த்தேன். கொன்று வெட்டியெடுத்த கொம்பில் மண்டை எலும்பு ஒட்டியிருக்கும். இதில் அது இல்லை; சொரசொரப்பான வளையமும் சற்றே புடைத்த அடியும்தான் இருந்தன. பெரியவர் சொன்னது உண்மை.

"அண்ணன், தெரியாமச் சொல்லிட்டன், மன்னிச்சிருங்க" என்றார் மனைவி. பெரியவர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு வாழைப்பழம் நீட்டினார்.

விழுந்த கொம்பு மானுக்கு மறுபடி முளைக்கும். நாம் சந்தேகப்பட்டு உடைத்த ஒருவரின் மனம் அப்படித் தானாக முளைக்குமா, சகோதரிகளே? கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுவோம்.