சிலாவத்துறையில் ஒரு தொலைபேசி இலக்கம்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நல்லது. வங்காலை தாண்டி, அருவியாற்றுப் பாலத்தைக் கடந்ததும் அரிப்பு வரும். ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் இருநூறு வருடங்களுக்கு முன் கட்டிய மாளிகை அங்கே கடலரிப்பில் இடிந்துகொண்டு நிற்கிறது. முத்துக்குளிப்பைப் பார்க்கத்தான் அந்த மாளிகை. முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்றும் ஒரு பெயர் உண்டு. அதிலிருந்துதான் சிலாவத்துறை என்ற பெயர் வந்ததென்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 1905இல் இதற்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் கூடிய சலாபத்தில் 8 கோடிச் சிப்பிகள் எடுத்தார்கள். குளிக்க வந்தவர்களில் அரபு நாட்டுக்காரரும் இருந்தார்கள். அன்று அவர்கள் பிழைப்புக்கு இங்கே வந்தார்கள். இன்று எங்கள் பெண்கள் பிழைப்புக்கு அங்கே போகிறார்கள்.

நான் போன வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள். பேத்தி கட்டாருக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் சவூதியில் இருந்து வந்தவர். எல்லோருக்கும் முதலில் போனவர் உம்மும்மா. நான் அவரை உம்மா என்றே கூப்பிட்டேன்.

"நான் குவைத்துக்குப் போனது 89இல, மகள். அப்ப போன் எங்க? கடிதம்தான். எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஆயா ஒராள்தான் எழுதித் தருவா. காசு சேர்ந்தால் கசெட்டில பேசி, ஊருக்கு வாற ஆக்களிட்டக் கொடுத்து விடுவன். மூத்தவள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு நாடா இழுபட்டுப் போச்சு."

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே வேலை செய்த நம் நாட்டவர் பல்லாயிரம் பேர் பாலைவனம் வழியாக ஜோர்தானுக்கு ஓடினார்கள். அவர்களில் இவரும் ஒருவர். இங்கோ ஜூனிலேயே யுத்தம் மறுபடி மூண்டு தபால் நின்றுவிட்டது. ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரே வருடத்தில் தாயும் முகவரி இல்லாமல் போனாள், பிள்ளைகளும் முகவரி இல்லாமல் போனார்கள்.

கட்டுநாயக்காவில் வந்து இறங்கியவருக்கு ஊருக்குப் பாதை இல்லை. கொழும்பில் தெரிந்த ஒரு வீட்டில் கிடந்தார். மன்னார் ஆட்கள் புத்தளம் பக்கம் வந்து சேர்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறினார். பள்ளிவாசல், பாடசாலை, தென்னந்தோட்டம் என்று ஏழு நாள் தேடினாராம். "ஒவ்வொரு கொட்டில் வாசல்லயும் நின்று பிள்ளைகள்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். எட்டாம் நாள் சின்னவள்தான் ஓடி வந்தாள். என்னைத் தெரிஞ்சு இல்ல, கசெட்டில கேட்ட குரலைத் தெரிஞ்சு."

அந்தச் சின்னவள்தான் இப்போது என் முன்னே தேநீரோடு நின்றவர். அவர் 2008இல் சவூதிக்குப் போனார். முகாம் பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்குக் கோல் எடுக்கிற காலம் முடிந்து, வீட்டில் ஒரு கைத்தொலைபேசி வந்திருந்த நேரம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே வீட்டு வேலை முடிய இரவு பத்தரை ஆகும். இங்கே அப்போது ஒரு மணி. உம்மும்மா பேத்தியை மடியில் படுக்க வைத்துக்கொண்டு விழித்திருப்பார்.

யுத்தம் முடிந்து 2010இல் சிலாவத்துறைக்குத் திரும்பினார்கள். வீடு இருந்த இடத்தில் காடு. ஊர்க் காணிகளில் ஒரு பகுதி கடற்படை முகாமுக்குள். தற்காலிகக் கொட்டிலில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. புதிய சிம் வாங்கலாம் என்று மருமகன் சொன்னபோது உம்மும்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஊர் மாறினாலும் பரவாயில்ல. நம்பர் மாறினால் அவள் எங்க தேடுவாள்?" சிம் செத்துப் போகாமல் இருக்க மாதம் தவறாமல் ரிலோட் போட்டார்.

அந்தப் பிடிவாதம் அடுத்த வருடமே உதவியது. சவூதியிலிருந்து நான்கு மாதம் கோல் இல்லை. போனைப் பறித்து வைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சம்பளமும் இல்லை. முறைப்பாடு செய்யப் போன இடத்தில் கடவுச்சீட்டு இலக்கம், எஜமானின் பெயர், தொலைபேசி எல்லாம் கேட்டார்கள். வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. எல்லாம் ஏஜென்சிக்காரரிடம் என்று நம்பி இருந்துவிட்டார்கள். எத்தனையோ வீடுகளில் இதே கதையை நான் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

ஒரு நாள் விடியப்புறம் 966இல் தொடங்கும் தெரியாத இலக்கத்திலிருந்து மிஸ்ட் கோல் வந்தது. அடுத்த வீட்டுச் சாரதி, நம் நாட்டுக்காரர், குப்பை கொட்ட வந்தவரிடம் ஒரு நிமிடம் போனைக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு மனப்பாடமாக இருந்தது இந்த ஒரே இலக்கம்தான். மருமகன் அந்த 966 இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அதன் வழியாகத்தான் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஏழு மாதம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். சம்பளத்தில் பாதி கிடைத்தது.

இப்போது ஐ.எம்.ஓ., வாட்ஸ்அப் என்று முகம் பார்த்தே பேசலாம். பேத்தி அதைத்தான் சொன்னாள். எல்லோருடைய நம்பரும் போனுக்குள்ளே இருக்கிறதாம். போன் கையில் இல்லாத நாளுக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினோம். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டினதும் போட்டோப் பிரதி வீட்டில். எஜமானின் பெயர், இலக்கம், நகரம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு. பணியகத்தின் 1989 என்ற இலக்கம் இங்கேயிருந்து வீட்டார் எடுப்பதற்கு. அங்கேயிருந்து எடுக்கும்போது முன்னே வரும் பூச்சியத்தை விட்டு 0094 சேர்க்க வேண்டும், எங்கள் மன்னார் 023 என்றால் 009423. தாய்க்கு இது தெரியாமல் முதல் இரண்டு மாதம் பூச்சியத்தோடே அடித்துப் பார்த்து அழுதாராம். வீட்டு இலக்கத்தைத் துணியில் எழுதி உள்பாவாடை மடிப்பில் தைத்துவிடுவது உம்மும்மாவின் யோசனை. நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

பின்னேரப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படலை வரை வந்த உம்மும்மா பேத்தியின் கையிலிருந்த போனை வாங்கித் தன் சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லு, நம்பர்."

ஐந்தாவது இலக்கத்தில் அவள் தடுக்கினாள்.

"திரும்ப முதல்ல இருந்து சொல்லு, மகள்."