இறுவட்டுகளும் இரண்டு கூரைகளும்



இல்லங்களைச் சந்திக்க வரும்போதெல்லாம் ஒரு பெட்டியை எனக்குக் காட்டுகிறீர்கள். வீடு ஸ்தொவ்னரில் இருக்கலாம், ரொம்சோசில் இருக்கலாம், பெட்டி மாறுவதில்லை. சில வீடுகளில் அது தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும். சில வீடுகளில் அடுக்குமாடியின் நிலவறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பழைய தள்ளுவண்டிக்கும் நடுவே. உள்ளே ஐம்பது அறுபது இறுவட்டுகள்: பிள்ளையின் திருமுழுக்கு, முதல் நன்மை, ஊரில் நடந்த தம்பியின் திருமணம், போகமுடியாமற்போன தகப்பனாரின் அடக்கத் திருப்பலி. “எல்லாம் கவனமா வைச்சிருக்கிறம், பாதர்” என்கிறீர்கள். கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. பல வீடுகளில் போட்டுப் பார்க்கும் கருவியே இப்போது இல்லை.

1982இல் இறுவட்டு சந்தைக்கு வந்தபோது, ஊசி படாத வட்டு தேயாது, தேயாதது அழியாது என்று உலகம் எண்ணியது. கடையில் வாங்கும் பாடல் வட்டைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அதில் தகவல் நுண்ணிய குழிகளாக அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். நம் பெட்டிகளில் உள்ளவை அவை அல்ல. அவை ஒளிப்பதிவு நிலையத்திலோ வீட்டுக் கணினியிலோ எழுதப்பட்டவை. அவற்றில் குழிகள் இல்லை. ஒரு சாயப்படலம் இருக்கிறது. லேசர் கதிர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் இடுகிறது. சாயம் எப்படி வெளுக்கும் என்பதை வெயிலில் சேலை காயவைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை.

கனடாவின் அரும்பொருள் பேணல் நிறுவனம் வட்டுகளின் ஆயுளை வகைவகையாக மதிப்பிட்டிருக்கிறது. தங்கப் பூச்சும் தாலோசயனின் என்னும் சாயமும் கொண்ட சிடி 100 ஆண்டுகளைத் தாண்டலாம். சாதாரணமாக நாம் வாங்கிய எழுதும் டிவிடிகளில் சில வகைகளுக்கு 10 முதல் 20 ஆண்டுகளே. இன்னொன்றும் அறிந்துகொள்ளுங்கள். சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணாடிபோல் காக்கிறோம். பெயர் எழுதும் மேற்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதுகிறோம். தகவல் படிந்த படலமோ அந்த மேற்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் மறைவில்தான் இருக்கிறது. டிவிடி இரு தகடுகளை ஒட்டிச் செய்தது. தகவல் நடுவில் இருப்பதால் அந்த ஆபத்துக் குறைவு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2004இல் என் தாயாரின் அடக்கத் திருப்பலியை ஒருவர் ஒளிப்பதிவு செய்து, ஒரே நாளில், ஒரே உறையிலிருந்து எடுத்த இரு வட்டுகளில் எழுதித் தந்தார். ஒன்று கனடாவிலுள்ள தங்கைக்குப் போயிற்று. மற்றது என்னோடு ஒஸ்லோவுக்கு வந்தது. சென்ற ஆண்டு இரண்டையும் போட்டுப் பார்த்தோம். தங்கையின் வட்டு சன்னலோர அலுமாரியில் இருந்தது. அது சுழன்றது, திணறியது, நின்றுவிட்டது. என்னுடையது நூல்களுக்குப் பின்னால் இருட்டில் கிடந்தது. அது பாடியது. பேழையருகே நின்று பாடிய குழுவில் மூவர் இன்று உயிரோடு இல்லை. தங்கை தொலைபேசியில் நெடுநேரம் பேசாதிருந்தாள். எனது வட்டு பிழைத்ததில் என் திறமை எதுவும் இல்லை. இரண்டாவது பிரதி ஒன்று இருந்தது, அவ்வளவே. உங்களுள் பலருக்கு, வன்னியில் மறைந்த மகனின் குரல் இருக்கும் ஒரே வட்டுக்கு இரண்டாவது பிரதி இல்லை என்பதை நான் அறிவேன்.

வட்டு கெடாமல் இருந்தாலும் போதாது. 1086இல் இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக்கணக்கு ஏட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பிபிசி நிறுவனம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பங்களிப்போடு ஒரு புதிய கணக்கைத் தொகுத்து லேசர் வட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள், அவ்வட்டுகளை வாசிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன; ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டே மீட்டார்கள். தோலில் எழுதிய பழைய ஏட்டை இன்றும் திறந்து வாசிக்கலாம். கருவிகள் போகும் திசை இன்னும் அதுவே: எழுதும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியோடு சோனி நிறுத்திக்கொண்டது.

“எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டோம்” என்று இளையவர்கள் சொல்கிறார்கள். நல்லது. கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? ரைடார் யூபெடால் என்ற நோர்வேஜிய மொழியறிஞர் 1989இல் இறந்தபோது, அவரது பெரும் நூற்சேர்க்கையின் பட்டியல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட கணினிக் கோப்பாக இருந்தது. அதைக் கையேற்ற ஈவார் ஓசன் மையம் 2002இல் பொதுமக்களிடமே உதவி கேட்டது. சில மணி நேரத்தில் விடை கிடைத்தது: அவருடைய குடும்பப் பெயரே, பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருந்தது. சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் கைப்பேசியின் திறவுச்சொல்லை உங்கள் மனைவியாவது அறிவாரா?

நாம் வாழும் இந்நாட்டுக்குக் காத்துவைக்கும் வேலை நன்கு தெரியும். ஸ்வால்பார்டில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 2017 முதல் உலக ஆவணங்களைச் சேமிக்கிறார்கள்; அங்கே நம்பப்படுவது இறுவட்டு அன்று, படச்சுருள். அதை வாசிக்கும் முறையும் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சுருளிலேயே இருக்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதைவிட எளிய ஏற்பாடு. 1812இல் இங்கே ஓர் ஆணை பிறந்தது. திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவுகளைக் குருவானவர் ஓர் ஏட்டில் எழுத, கோயிற் பணியாளர் அதன் பிரதியை இன்னோர் ஏட்டில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் ஆகாது. மரக்கோயில்களும் மரவீடுகளும் நிறைந்த நாடு. தீயை அறிந்தவர்கள் வகுத்த விதி.

தீயை நாமும் அறிவோம். 1981 மே 31 இரவில் மூண்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் ஒரே கூரையின் கீழ் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். அங்கிருந்த ஓலைச்சுவடிகள் நல்ல ஓலைகள்தாம்; ஓலையின் ஆயுள் அங்கே கணக்கில் வரவில்லை. இதற்கு மாறாக, 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைத் தனிநாயகம் அடிகள் 1954இல் கண்டெடுத்தது வத்திக்கான் நூலகத்தில். யாரோ ஒருவர் ஒரு பிரதியைத் தொலைவுக்கு அனுப்பி வைத்திருந்தார்.

ஆகவே சில வேண்டுகோள்கள். வட்டுகளை வெயில் படாத, ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், நிலவறை வேண்டாம். மேலே தாள் ஒட்டாதீர்கள். ஒரு கருவி வாசிக்க மறுத்தால் எறிந்துவிடாதீர்கள். வேறொரு கருவி, சில வேளை பழையதொன்று, அதை வாசிக்கலாம். வாசித்ததை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை இன்னொரு வீட்டில், இயன்றால் இன்னொரு நாட்டிலுள்ள உறவினரிடம் வையுங்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய தட்டுக்கு மாற்றுங்கள். நம் முன்னோர் ஓலை நைந்தபோது புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். நாம் செய்வதும் அதுவே.

படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். இடது பக்கத்தில் நிற்கும் சிறுமி யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பதை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். நோர்வேஜிய மொழி மட்டும் பேசும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி எழுதவிடுங்கள். எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலிக்குப் பின், நம் இளைஞர் இருவர் வட்டு வாசிக்கும் கருவிகளோடு மண்டபத்தில் இருப்பார்கள். வன்தட்டை நீங்களே கொண்டுவர வேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்து வட்டுகள், அதற்குமேல் வேண்டாம். இறந்தோருடைய வட்டுகளை முதலில் எடுத்து வாருங்கள். திருமணங்களை அடுத்த மாதம் பார்ப்போம்.